இஆர்பி-யில் சேவ் ஆகாத பதிவு: கோளாறை எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவோடு கணினிப் பொறுப்பையும் சேர்த்துக் கவனிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாம் ஒன்றாக ஓடும் இஆர்பி மென்பொருளில் ஜாப் ஒர்க் டிசி (வெளி வேலைக்கு அனுப்பும் சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போடும்போது "டேட்டாபேஸ் ஆபரேஷன் ஃபெயில்டு" என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் வருகிறது. சில நேரம் சேவ் பட்டனை மறுபடி அழுத்தினால் பதிவு ஏறிவிடுகிறது. சில நேரம், குறிப்பாகச் சனிக்கிழமை மதியத்துக்கு மேல், எல்லா மேசைகளிலும் ஒரே சமயத்தில் வேலை நின்றுவிடுகிறது. மென்பொருள் கொடுத்தவரைக் கூப்பிட்டால் சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார். செய்தால் சரியாகிறது, பிறகு மறுபடி வருகிறது. உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர். கோளாறு எங்கே இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் நீங்கள் பார்க்கும் வரி டேட்டாபேஸ் சொன்ன வரி அல்ல. டேட்டாபேஸ் எப்போதுமே ஓர் எண்ணையும், என்ன தவறு நடந்தது என்ற செய்தியையும் சேர்த்தே திருப்பி அனுப்புகிறது; பல நேரம் எந்த டேபிளில் எந்தக் கட்டுப்பாடு மீறப்பட்டது என்பதும் அதில் இருக்கும். மென்பொருளை எழுதியவர் அதை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு, பயனரைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தோ சோம்பலாலோ, எல்லாப் பிழைக்கும் பொதுவான ஒரு வாசகத்தைத் திரையில் காட்டிவிடுகிறார். ஆகவே முதல் வேலை அந்த எண்ணைப் பிடிப்பதுதான். எண் கையில் கிடைக்கும்வரை எதையும் மாற்றாதீர்கள், முடிந்தவரை ரீஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்த நொடியில் யார் யாரைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள், எந்த டிரான்ஸாக்ஷன் (முழுதாக ஏற வேண்டிய, இல்லையேல் முழுதாக விலக வேண்டிய பதிவுத் தொகுப்பு) முடியாமல் நின்றது என்பவை எல்லாம் அழிந்துவிடும். கோளாறு தற்காலிகமாக மறைவதும் அதனால்தான், தடயம் நிரந்தரமாக மறைவதும் அதனால்தான்.

எண்ணை எங்கே தேடுவது? பலரும் எஸ்க்யூஎல் சர்வரின் எரர் லாகைத் திறந்து பார்த்துவிட்டு, "அதில் ஒன்றும் இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். டிஸ்க் நிரம்பியது, கோப்பு பழுதானது போன்ற கடுமையான பிழைகள் மட்டுமே அதில் தானாகப் பதிவாகும். ஒரே எண் இரண்டு முறை ஏறப் பார்த்தது, நீளம் போதவில்லை என்பன போன்ற அன்றாடப் பிழைகள் அதில் வருவதில்லை. அவற்றைப் பிடிக்க எக்ஸ்டெண்டட் ஈவெண்ட்ஸ் என்ற வசதியில் சிறிய செஷன் ஒன்றை உருவாக்கி, எரர் ரிப்போர்ட்டட் என்ற நிகழ்வை மட்டும் சேர்த்து, கடுமை எண் பத்துக்கு மேல் உள்ளவற்றை ஒரு ஃபைலில் எழுதச் சொல்ல வேண்டும். அதோடு பயனர் பெயர், கணினிப் பெயர், ஓடிய கட்டளை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். ஃபைலின் அளவுக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டால் அது வாரக்கணக்கில் ஓடினாலும் சர்வருக்குச் சுமை தெரியாது. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பிலும் இது வேலை செய்யும்.

அந்தப் பக்கம் பதிவு ஓடட்டும். இந்தப் பக்கம் உங்கள் ஆட்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பிழை வந்த மணி நிமிடம், எந்தக் கணினி, எந்தத் திரை, எந்த டிசி, மறுபடி அழுத்தியபோது ஏறியதா இல்லையா என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "அடிக்கடி வருதுங்ணா" என்ற தகவலை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. "மாலை 4:10-க்கு, டெஸ்பாட்ச் மேசையில், சாயத்துக்கு அனுப்பும் டிசி, இரண்டாம் முறை ஏறியது" என்ற ஒரு வரியை வைத்துப் பாதி வழி வந்துவிடலாம்.

இனி உங்கள் இரண்டு அறிகுறிகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பது என் கணிப்பு.

மறுபடி அழுத்தினால் ஏறிவிடுகிறது என்பது முதல் அறிகுறி. பிழை எண் 2627 அல்லது 2601 என்று வந்தால், ஒரே எண்ணுள்ள பதிவு இரண்டாவது முறை நுழையப் பார்த்தது என்று பொருள். உள்ளூரில் எழுதப்படும் இஆர்பி-களில் டிசி எண்ணை உருவாக்கும் விதத்தை நான் பார்த்தவரையில், டேபிளில் இருக்கும் மிகப் பெரிய எண்ணை எடுத்து ஒன்றைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நிட்டிங்குக்கு அனுப்பும் மேசையில் ஒருவரும் காம்பாக்டிங்குக்கு அனுப்பும் மேசையில் ஒருவரும் ஒரே நொடியில் சேவ் அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் கடைசி எண் 4211 என்றே தெரியும். இருவரும் 4212 என்று எழுதப் போவார்கள். முதலில் போனவருடையது ஏறும், மற்றவருக்குப் பிழை வரும். அவர் மறுபடி அழுத்தும்போது கடைசி எண் 4212 ஆகியிருக்கும் என்பதால் 4213 என்று சுமுகமாக ஏறிவிடும். ஆள் குறைவாக இருந்த காலத்தில் வராத பிழை, மேசைகள் கூடிய பின்பு வரத் தொடங்குவதற்கும் இதுவே காரணம்.

இதே முறைக்கு இன்னும் இரண்டு கிளைக் கோளாறுகள் உண்டு. எண்ணை எண்ணாக அல்லாமல் எழுத்தாகச் சேமித்திருந்தால், 1000 என்ற டிசி ஏறிய பிறகு அடுத்தது எப்போதும் ஏறாது. எழுத்து வரிசையில் 999 என்பது 1000-ஐ விடப் பெரியது; ஆகவே மென்பொருள் ஒவ்வொரு முறையும் 999-ஐயே கடைசி எண்ணாக எடுத்து, ஏற்கனவே இருக்கும் 1000-ஐ மறுபடி எழுதப் பார்க்கும். இரண்டாவது, ஏப்ரல் 1 அன்று வருவது. புதிய நிதியாண்டில் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆனால் ஒரே மதிப்பு இரண்டு முறை ஏறாமல் தடுக்கும், டேபிளின் தனித்துவக் கட்டுப்பாட்டில் நிதியாண்டைச் சேர்க்காமல் எண்ணை மட்டும் வைத்திருந்தால், அன்று காலை முதல் டிசி-யே ஏறாது. மறுபடி அழுத்துவதால் இந்த இரண்டும் சரியாகா. அழுத்தினால் சரியாகிறதா, ஆகவே ஆகாதா என்ற அந்த ஒரு குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

இதைத் தீர்ப்பதற்கு வெண்டர், அதாவது மென்பொருள் கொடுத்தவர், சொல்லக்கூடிய முதல் யோசனை, எண்ணை டேட்டாபேஸே தானாக உருவாக்கும் ஐடென்டிட்டி பத்தியாக மாற்றிவிடலாம் என்பது. டிசி-க்கும் இன்வாய்ஸுக்கும் இதை ஏற்காதீர்கள். ஒரு பதிவு பாதியில் ரோல்பேக் ஆனால், அதாவது எழுதியது திரும்பப் பெறப்பட்டால், அந்த எண் திரும்பக் கிடைக்காது, இடைவெளி விழும். எஸ்க்யூஎல் சர்வர் 2012 முதல், சர்வர் எதிர்பாராமல் நின்று மறுபடி எழுந்தால் எண் ஒரேயடியாக ஆயிரம் தாவுவதும் உண்டு. ஜிஎஸ்டி விதி 46, இன்வாய்ஸ் எண் தொடர் வரிசையில், 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் தனித்துவமாக இருக்க வேண்டும் என்கிறது; டிசி-க்கான விதி 55-லும் அதே வரிசை எண்ணும் 16 எழுத்து வரம்பும் உண்டு. தணிக்கைக்கு வருபவரிடம் "சர்வர் தாவிவிட்டது" என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சரியான வழி, ஒவ்வொரு வரிசைக்கும் நிதியாண்டுக்கும் ஒரு வரி என்று தனி எண் டேபிள் வைத்து, டிசி ஏறும் அதே டிரான்ஸாக்ஷனுக்குள் அந்த வரியை ஒன்று கூட்டி, கூட்டிய எண்ணை அதே கட்டளையிலேயே வாங்கிக்கொள்வது. முதலாமவர் முடிக்கும்வரை இரண்டாமவர் சில மில்லிநொடிகள் காத்திருப்பார். பிழை வராது, இடைவெளியும் விழாது. தனித்துவக் கட்டுப்பாட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடச் சம்மதிக்காதீர்கள். பிழை வருகிறது என்பதற்காக அதை எடுத்துவிடும் வெண்டர்கள் இருக்கிறார்கள். பிறகு பிழை வராது, ஒரே எண்ணில் இரண்டு டிசி இருக்கும்.

மறுபடி அழுத்தினால் ஏறும் இன்னொரு பிழை 1205. அது டெட்லாக். டிசி போடும் திரை முதலில் டிசி டேபிளைப் பூட்டிவிட்டு ஸ்டாக் டேபிளுக்குப் போகிறது; சரக்கு வரவு வைக்கும் திரை முதலில் ஸ்டாக்கைப் பூட்டிவிட்டு டிசி-க்கு வருகிறது. இருவரும் மற்றவர் கையில் இருப்பதற்காகக் காத்திருப்பதால் இது தானாகத் தீராது. எஸ்க்யூஎல் சர்வர் இதைத் தானே கண்டறிந்து, திரும்ப அழிப்பதற்குச் செலவு குறைந்த டிரான்ஸாக்ஷனை ரோல்பேக் செய்துவிட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லியே பிழையை அனுப்புகிறது. யார் யாரை எந்த வரியில் தடுத்தார்கள் என்ற படம், 2008 பதிப்பு முதலே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் ஹெல்த் என்ற செஷனில் இருக்கும்; தனியாக எதுவும் அமைக்கத் தேவையில்லை. அதை எடுத்து வெண்டருக்கு அனுப்பினால் எந்த இரண்டு திரைகள் எதிரெதிர் வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை அவரால் மறுக்க முடியாது. இரண்டும் ஒரே வரிசையில் டேபிள்களைத் தொடுமாறு மாற்றுவதே மருந்து. ஆரக்கிள் என்ற வேறு டேட்டாபேஸை வைத்திருப்பவர்கள் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்: அங்கே ஓஆர்ஏ-00060 வந்தால் அந்த ஒரு கட்டளை மட்டும் திரும்பப் பெறப்படும், டிரான்ஸாக்ஷன் முழுவதும் அல்ல. மென்பொருள் அதைக் கவனிக்காமல் கமிட் செய்துவிட்டால், அதாவது பதிவை உறுதியாக்கிவிட்டால், பாதிப் பதிவு ஏறிவிடும்.

இனி சனிக்கிழமைக் கதை. நீங்கள் சொல்வதிலேயே எனக்கு அதிகம் சந்தேகம் தருவது இதுதான். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். பீஸ் ரேட் கணக்கு, அட்வான்ஸ் கழிவு என்று சம்பளப் பதிவு ஓடும் அதே நேரத்தில் டெஸ்பாட்சும் ஓடுகிறது. எல்லா மேசையும் ஒரே சமயத்தில் நிற்கிறது என்றால் டேட்டாபேஸ் பழுதாகவில்லை. யாரோ ஒருவர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் இதை நேராகவே பார்த்தேன். எல்லாம் நின்றுபோனதும் ரீஸ்டார்ட் செய்ய விடாமல், எஸ்பி_ஹூ2 என்ற கட்டளையை ஓட்டினோம். அதில் பிளாக்டு பை என்ற பத்தியில், காத்திருக்கும் ஒவ்வொருவரையும் தடுப்பவரின் எண் இருக்கும். டெஸ்பாட்ச் மேசையைத் தடுத்தது ஸ்டோர் மேசை, ஸ்டோரைத் தடுத்தது மெர்ச்சண்டைசர், அவரைத் தடுத்தது 61 என்ற எண். அந்த 61-ஐ யாரும் தடுக்கவில்லை. அதன் நிலை "ஸ்லீப்பிங்" என்று இருந்தது. அதாவது அது எந்தக் கட்டளையையும் ஓட்டவில்லை, ஆனால் திறந்த டிரான்ஸாக்ஷன் ஒன்று அதன் பெயரில் இருந்தது. கணினிப் பெயரைப் பார்த்தால் அது சம்பளப் பிரிவின் இயந்திரம். போய்ப் பார்த்தபோது நாற்காலி காலி, திரையின் நடுவே "பதிவை உறுதி செய்யவா? ஆம் / இல்லை" என்று ஒரு சிறு பெட்டி நின்றுகொண்டிருந்தது. மென்பொருள் டிரான்ஸாக்ஷனைத் தொடங்கி, சம்பள வரிகளை எல்லாம் எழுதி, கமிட் செய்வதற்கு முன்பாக மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அந்த மனிதர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்து "ஆம்" என்று அழுத்தியதும் எல்லா மேசையும் ஓடத் தொடங்கிற்று. ரீஸ்டார்ட் செய்திருந்தால் அந்தச் சம்பளப் பதிவு மொத்தமும் ரோல்பேக் ஆகியிருக்கும், காரணமும் தெரிந்திருக்காது. டிரான்ஸாக்ஷன் திறந்திருக்கும்போது பயனரிடம் கேள்வி கேட்கும் மென்பொருளைத் திருத்தித் தரும்படி வெண்டரிடம் நீங்கள் உரிமையோடு கேட்கலாம். அது உங்கள் ஆளின் தவறு அல்ல.

கேள்விப் பெட்டி இல்லாமலும் இதே நிலை வரலாம், அது இன்னும் நுட்பமானது. எஸ்க்யூஎல் சர்வர் சாதாரணமாக ஒரு கட்டளையை நேரம் கடந்துவிட்டது என்று தானே நிறுத்துவதில்லை; நிறுத்துவது மென்பொருள் பக்கம்தான். டாட்நெட்டில் எழுதிய மென்பொருளுக்கு யாரும் மாற்றாவிட்டால் அந்த வரம்பு 30 நொடி. முப்பதாவது நொடியில் மென்பொருள் கட்டளையைக் கைவிட்டு, பிழை என்று திரையில் காட்டிவிடும். ஆனால் அதற்கு முன்பு அந்த டிரான்ஸாக்ஷனில் எழுதியவையும் அவற்றின் பூட்டுகளும், எக்ஸாக்ட் அபார்ட் என்ற அமைப்பு ஆன் செய்யப்பட்டிருந்தாலொழிய, மென்பொருள் வெளிப்படையாக ரோல்பேக் சொல்லும்வரையோ அந்த இணைப்பு மூடப்படும்வரையோ அப்படியே நிற்கும். ஒருவருக்கு வந்த டைம்அவுட் அடுத்தவருக்கும் அதற்கடுத்தவருக்கும் டைம்அவுட்டாகப் பரவி, ஐந்து நிமிடத்தில் கம்பெனி முழுவதும் நிற்பது இப்படித்தான். வரம்பை 30-லிருந்து 300 ஆக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். அப்போது பிழை வராமல் ஐந்து நிமிடம் உறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

எல்லா ரிப்போர்ட்டிலும், பூட்டைப் பொருட்படுத்தாமல் படிக்கச் சொல்லும் நோலாக் என்ற குறிப்பைச் சேர்த்துவிடுவதும் தீர்வு அல்ல. பாதி எழுதிய வரிகளையும், பிறகு ரோல்பேக் ஆகப்போகும் வரிகளையும் அது படித்துக் காட்டும். சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணியின் எடை ஒரு ரிப்போர்ட்டில் ஒன்றாகவும் மறு ரிப்போர்ட்டில் வேறாகவும் வந்து, பிறகு பட்டறைக்காரரோடு வீண் தகராறு ஆகும். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் தடுக்காமல் இருக்க ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் என்ற அமைப்பு இருக்கிறது. அதற்கு டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸில் இடம் கூடுதலாக வேண்டும், மாற்றும் நேரத்தில் வேறு இணைப்புகள் இருக்கக் கூடாது, வெண்டர் முதலில் ஒரு நகலில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் மதியம் ஓடும் பெரிய ரிப்போர்ட்டால் சேவ் நிற்கும் இடங்களுக்கு இது உண்மையாகவே பயன்படும்.

ஒரு குறிப்பிட்ட பதிவு மட்டும், யார் எந்தக் கணினியில் எத்தனை முறை அழுத்தினாலும் ஏறாவிட்டால், கோளாறு பூட்டில் இல்லை, அந்தப் பதிவின் தகவலில் இருக்கிறது. 515 என்றால் காலியாக இருக்கக் கூடாத இடம் காலி. 547 என்றால் வேறு டேபிளில் இல்லாத ஒன்றை இந்தப் பதிவு சுட்டுகிறது, அல்லது டிசி இருக்கும் ஜாப் ஒர்க்கரை யாரோ அழிக்கப் பார்க்கிறார்கள். 8115 என்றால் தொகையோ எடையோ பத்தியின் அளவை மீறிவிட்டது. எண் 50000 அல்லது அதற்கு மேல் என்றால் அது டேட்டாபேஸின் பிழையே அல்ல. மென்பொருள் எழுதியவர் தாமாக வைத்த தடை, பெரும்பாலும் ஸ்டாக் மைனஸில் போகிறது என்பது போன்ற ஒன்று.

தேதிப் பிழையைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. ஒரு திரை மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களும் ஒழுங்காக ஓடி, 13-ஆம் தேதியிலிருந்து 242 என்ற பிழையைக் கொடுத்தால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. அந்த லாகினின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருப்பதால் 13/07 என்பதில் பதின்மூன்றாவது மாதத்தைத் தேடி டேட்டாபேஸ் தோற்கிறது. பிழை வந்த நாட்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வராத நாட்களைப் பற்றிக் கவலைப்படுங்கள்: ஜூலை 5 அன்று போட்ட டிசி மே 7 என்று சத்தமில்லாமல் ஏறியிருக்கும். புதிய கணினியோ புதிய லாகினோ சேர்த்த வாரத்தில் இது தொடங்குவது வழக்கம். வருடம், மாதம், நாள் என்று இடையில் கோடில்லாமல் எட்டு இலக்கமாகத் தேதியை அனுப்பினால் எந்த மொழி அமைப்பிலும் மாறாது.

அடுத்து, நீளம் போதவில்லை என்ற பிழை. பழைய எண் 8152; அது எந்தப் பத்தி என்று சொல்லாது. 2019 பதிப்பில் அதற்குரிய இணக்க நிலையில் 2628 என்று வரும். அது டேபிள், பத்தி, வெட்டப்பட்ட மதிப்பு மூன்றையும் சொல்லிவிடும். தமிழில் பெயர் பதிபவர்களுக்கு இதில் தனித் தொல்லை உண்டு. கோயம்புத்தூர் என்பது நம் கணக்கில் ஏழு எழுத்து. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் அது 13. யூனிகோடை ஏற்கும் என்வார்சார் வகையில் பத்து எழுத்துக்கு அளவு வைத்த பத்தியில் அது ஏறாது; பைட் கணக்கில் 30 வைத்த ஆரக்கிள் பத்தியில், யூடிஎஃப்-8-இல் அது 39 பைட் ஆவதால் ஓஆர்ஏ-12899 வரும். ஊர்ப் பெயருக்கு முப்பது போதும் என்று ஆங்கிலத்தை வைத்து முடிவு செய்தவர் இதை யோசித்திருக்க மாட்டார். யூனிகோடை ஏற்காத சாதாரண வார்சார் பத்தியில் தமிழை எழுதினால் பெரும்பாலும் பிழையே வராது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக இருக்கும். அதைத் திரும்ப மீட்க வழியில்லை.

இடம் தீர்ந்ததால் வரும் பிழைகள் இரண்டு. 1105 என்றால் டேட்டா ஃபைலில் இடம் இல்லை. டிஸ்கில் இடம் இருந்தும் இது வந்தால் உங்கள் பதிப்பைப் பாருங்கள்: எக்ஸ்பிரஸ் பதிப்பில் 2008 ஆர்2 முதல் 2022 வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி என்பது உச்சவரம்பு. ஸ்டைல் படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டு வைக்கும் மென்பொருளுக்கு அந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும். 9002 என்றால் டிரான்ஸாக்ஷன் லாக், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் ஃபைல், நிரம்பிவிட்டது. சிஸ் டேட்டாபேசஸ் என்ற காட்சியில் லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க் என்ற பத்தியைப் பார்த்தால் காரணம் எழுதியே இருக்கும். "லாக் பேக்கப்" என்று இருந்தால், டேட்டாபேஸ் ஃபுல் ரிகவரியில், அதாவது பேக்கப் எடுக்கும்வரை லாக்கை வைத்திருக்கும் முறையில், இருக்கிறது, லாக் பேக்கப்பை யாரும் எடுக்கவே இல்லை என்று பொருள். "ஆக்டிவ் டிரான்ஸாக்ஷன்" என்று இருந்தால் மேலே சொன்ன டீ குடிக்கப் போனவரைத் தேடுங்கள். லாக் ஃபைலை வாராவாரம் ஷ்ரிங்க் செய்து சுருக்குவதும், லாக்கை அப்படி வைத்திருக்காத சிம்பிள் முறைக்கு மாற்றி மறுபடி ஃபுல்லுக்குத் திருப்புவதும் இங்கே பரவலான பழக்கம். அப்படித் திருப்பிய பின் ஒரு பேக்கப் எடுக்காவிட்டால் நிமிடக் கணக்கில் மீட்கும் வசதி போய்விட்டது என்பதே பலருக்குத் தெரியாது. லாக் ஃபைலை டிஸ்கிலிருந்து அழித்துவிடும் துணிச்சல்காரர்களைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

உங்கள் கேள்வியில் இல்லை என்றாலும், 823, 824 என்ற எண்கள் ஒருமுறை வந்தாலும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள். 823 என்றால் டிஸ்கில் படிப்பதோ எழுதுவதோ தோற்றுவிட்டது, 824 என்றால் டிஸ்கிலிருந்து படித்த பக்கம் எழுதிய பக்கமாக இல்லை என்று பொருள். 825 என்றால் முதல் முறை படிக்க முடியாமல் மறுமுறை படித்திருக்கிறது. பயனருக்கு எதுவும் தெரியாது, ஆனால் டிஸ்க் போகப்போகிறது என்ற முன்னறிவிப்பு அது. கரண்ட் போகும்போது யுபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காத இடங்களில் இவை அதிகம். இந்த எண்கள் வந்தால் டேட்டாபேஸை டிடாச் செய்யாதீர்கள், அதாவது சர்வரிலிருந்து பிரிக்காதீர்கள். சில நேரம் திரும்ப அட்டாச் ஆகவே ஆகாது. டிபிசிசி செக்டிபி என்ற சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்த்து, நல்ல பேக்கப்பிலிருந்து மீட்பதே வழி. டேட்டா இழப்பை அனுமதிக்கும் ரிப்பேர் என்பது அதன் பெயரிலேயே சொல்வதைச் செய்யும். ஆயுத பூஜைக்குச் சர்வருக்குச் சந்தனமும் பொட்டும் தவறாமல் வைக்கிறோம். பேக்கப்பை வேறொரு கணினியில் ஒருமுறை ரெஸ்டோர் செய்து பார்த்தவர்களைத்தான் அரிதாகக் காண்கிறேன்.

மறுபடி அழுத்துவதில் உண்மையான ஆபத்து இருக்கும் இடம் இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். மென்பொருள் இன்வாய்ஸை அரசுத் தளத்துக்கு அனுப்பி, ஐஆர்என் என்ற 64 எழுத்துள்ள இன்வாய்ஸ் பதிவெண்ணை வாங்கி, அதை உங்கள் டேட்டாபேஸில் எழுத வேண்டும். ஐஆர்என் வந்தபின் உள்ளூர்ப் பதிவு தோற்றால், உங்கள் டேட்டாபேஸ் ரோல்பேக் ஆகும். அரசுத் தளம் ரோல்பேக் ஆகாது. மறுபடி அழுத்தினால் 2150, அதாவது இதே இன்வாய்ஸுக்கு ஏற்கனவே ஐஆர்என் இருக்கிறது என்று வரும். இது டேட்டாபேஸின் பிழை எண் அல்ல, தளம் தரும் எண். அந்தப் பதிலோடு முந்தைய ஐஆர்என்னும் வருகிறது; அதை எடுத்து உள்ளூர்ப் பதிவில் எழுதிக்கொள்ளும் அறிவு மென்பொருளுக்கு இருக்க வேண்டும். பதற்றத்தில் அந்த ஐஆர்என்-ஐ ரத்து செய்யாதீர்கள். ரத்து செய்ய 24 மணி நேரம்தான் உண்டு. ரத்து செய்த இன்வாய்ஸ் எண்ணுக்கு மறுபடி ஐஆர்என் எடுக்கவும் முடியாது, வரிசையில் அந்த எண் வீணாகிவிடும். முதலில் இன்வாய்ஸை "நிலுவை" என்று உள்ளூரில் கமிட் செய்துவிட்டு, பிறகு தளத்துக்கு அனுப்பி, பதிலைத் தனி டிரான்ஸாக்ஷனில் எழுதுவதே தவறாத வரிசை.

கோவையின் பெரிய மில்களிலும் பம்ப் நிறுவனங்களிலும் எஸ்ஏபி என்ற பெரிய இஆர்பி வைத்திருப்பவர்களுக்கு இதன் நிழலாக ஒரு நிலைமை உண்டு: திரையில் டாகுமெண்ட் எண் வந்துவிடும், பிறகு தேடினால் அந்த டாகுமெண்ட் இருக்காது. எஸ்ஏபி பதிவைத் தனியான அப்டேட் வேலையாகப் பின்னால் ஓட்டுவதால் அங்கே தோற்றவை எஸ்எம்13 என்ற திரையிலும், அதன் காரணம் எஸ்டி22-இலும், பூட்டுகள் எஸ்எம்12-இலும் கிடைக்கும். எஸ்எம்13-இல் தோற்றதைக் காரணம் தெரியாமல் மறுபடி ஓட்டக் கூடாது. அதற்குள் பயனர் வேறு எண்ணில் அதையே போட்டிருந்தால் ஸ்டாக் இரண்டு முறை குறையும்.

உங்கள் நிறுவனத்துக்குத் திரும்பினால், இந்த வாரமே எக்ஸ்டெண்டட் ஈவெண்ட்ஸ் செஷனை ஓட விடுங்கள். சனிக்கிழமை எல்லா மேசையும் நிற்கும்போது எஸ்பி_ஹூ2 ஓட்டி, யாராலும் தடுக்கப்படாமல் மற்றவர்களைத் தடுக்கும் அந்த ஒரு எண்ணையும் அதன் கணினிப் பெயரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்டருக்கு எழுதும்போது "மறுபடி வருகிறது" என்று எழுதாமல், பிழை எண், நேரம், கட்டளை, தடுத்த கணினி, அந்த நேரத்தில் அங்கே திறந்திருந்த திரை ஆகிய ஐந்தையும் இணைத்து, டிசி எண் எப்படி உருவாகிறது என்ற கேள்வியையும் எழுத்தில் கேளுங்கள். இவ்வளவும் கையில் எடுத்த பிறகு, டெஸ்பாட்ச் லாரி வாசலில் நிற்கிறது, வேறு வழியில்லை என்றால், சர்வர் முழுவதையும் ரீஸ்டார்ட் செய்யாமல் அந்த ஒரு இணைப்பை மட்டும் கில் கட்டளையால் துண்டிக்கலாம். அந்த இணைப்பில் இருந்தவரின் பதிவு மட்டும் ரோல்பேக் ஆகும் என்பதை அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.